தனத்துக்கு: 150 கேள்வியும் ஒரு போனும்

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தனம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறது. கோமதி வழக்கம்போல உன்னைத் திட்டிக்கொண்டே விசாரித்தாள். ராஜாமணி சார் பேத்தி பிறந்த சந்தோஷத்தில் தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தார். உன் பங்கு கோமதியிடம் போனது, அவளையே கேட்டுக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷம் பாடம் நடத்தினவளை ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் எழுதச் சொல்லிவிட்டார்கள், புத்தகத்தைத் திறந்தால் பத்து நிமிஷம் தாங்கவில்லை, மூளையே மழுங்கிவிட்டதோ என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அடித்தல் திருத்தல் இல்லாமல் நான்கு பக்கம் எழுதினவளுக்குக் கவனம் செத்துப்போயிற்று என்று நான் எப்படி நம்புவது? கையெழுத்துகூடக் கடைசி வரி வரை கோணவில்லை. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஐந்து வருஷத்துக்கு மேல் பணி மீதமிருக்கிற எல்லோரும் இரண்டு வருஷத்துக்குள் பாஸ் பண்ண வேண்டும் என்றால் யாருக்குத்தான் வயிறு கலங்காது? சீராய்வு மனு அது பாட்டுக்கு நடக்கட்டும். நீ உட்கார்ந்து படிக்கிற வேலையை மட்டும் நாம் பார்ப்போம்.

முதலில், போன மாதம் நீ அனுப்பிய ஃபார்வர்டை அழித்துவிடு. மனுஷன் கவனம் 8 நொடி, தங்கமீன் கவனம் 9 நொடி என்று ஒரு படம் போட்டு வந்ததே, அதுதான். 2015-ல் ஒரு கம்பெனி அறிக்கையில் வந்து உலகம் முழுக்கச் சுற்றிய கணக்கு அது. பின்னால் ஆராய்ச்சி எதுவும் இல்லை, மீனையும் யாரும் அளக்கவில்லை. அதைப் படித்துவிட்டு ‘இனி அவ்வளவுதான்’ என்று நீ உட்கார்ந்திருப்பதுதான் எனக்குக் கவலை.

உண்மையாக அளந்தவர் ஒருவர் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் இருக்கும் குளோரியா மார்க். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவர்கள் ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குத் தாவ எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று வருஷக்கணக்கில் அளந்தார். 2004-ல் சராசரி இரண்டரை நிமிஷம். சமீப வருஷங்களில் 47 நொடி. இது திரை முன்னால் பழகிப்போன பழக்கத்தின் அளவு. மூளையின் கொள்ளளவே இவ்வளவுதான் என்று அவர் சொல்லவில்லை. உன் தேர்வுக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார். மூன்று மணி நேரம், 150 கேள்வி, ஒரு கேள்விக்கு 72 நொடி. பழகின தாவலை விட 25 நொடி கூடுதலாக ஒன்றிலேயே நிற்க வேண்டும், அதை 150 தடவை செய்ய வேண்டும். கஷ்டம்தான், ஆனால் மலையைப் புரட்டுகிற கஷ்டம் இல்லை.

அவர் கண்டுபிடித்ததில் இன்னொன்றும் உனக்கு ரொம்ப முக்கியம். வேலையில் ஏற்படுகிற குறுக்கீடுகளில் ஏறக்குறைய பாதி வெளியிலிருந்து வருவதே இல்லை, நாமே நம்மைக் குறுக்கிட்டுக்கொள்கிறோம். போன் சத்தம் போடாவிட்டாலும் கை அதைத் தேடிப் போகிறது. ‘நோட்டிஃபிகேஷன் எல்லாம் ஆஃப் பண்ணிட்டேன், அப்பவும் முடியல’ என்று நீ எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான். நீ வாசலைப் பூட்டினாய், உள்ளே இருக்கிற ஆள் எழுந்து எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கிறாள்.

அந்த ஆளை எப்படிப் பழக்கினார்கள் என்பது உன் பாடத்திலேயே இருக்கிறது. உளவியலாளர் ஸ்கின்னரின் புறாச் சோதனையை எடுத்துப் படி. எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்தும். ரீல்ஸில் பத்து தள்ளினால் ஒன்று நன்றாக இருக்கிறது, எது என்று தெரியாது, அதனால் கட்டைவிரல் நிற்பதில்லை. பக்கத்துக்கு முடிவே இல்லாமல் தள்ளிக்கொண்டே போகிற அந்த வசதியை 2006-ல் அமைத்த ஏசா ராஸ்கின், பிற்பாடு தானே அதற்காக வருந்திப் பேசினார். படித்தவர்கள் பல பேர் சேர்ந்து செய்த பொருள் அது, தனம். அதனிடம் தோற்றதற்காக உன் குணத்தைக் குறை சொல்லாதே. மன உறுதியை மட்டும் நம்பி அதோடு சண்டைக்கும் போகாதே.

அதனால் முதல் வேலை, படிக்கிற நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். மேஜையில் கவிழ்த்து வைப்பது, சைலன்டில் போட்டுப் பையில் வைப்பது எல்லாம் அரைகுறை வேலை. 2017-ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 800 பேரை வைத்துப் பார்த்தார்கள். போனை வேறு அறையில் விட்டு வந்தவர்கள் நினைவுத் திறன் சோதனையில் நன்றாகச் செய்தார்கள், மேஜை மேல் வைத்திருந்தவர்கள் பின்தங்கினார்கள். பிறகு அதே சோதனையைச் செய்த சிலருக்கு அவ்வளவு வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டும் என்றால் பாதி தடவை எடுக்கவே மாட்டாய். எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

‘அத்தைக்கு உடம்பு சரியில்லை, போன் வந்தால்?’ என்று கேட்பாய். ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டு, அதில் நட்சத்திரம் குத்திய எண்களுக்கு மட்டும் அனுமதி கொடு. உன் வீட்டுக்காரர், பையன், அத்தையைப் பார்த்துக்கொள்கிற அக்கா, ஹெச்.எம். நான்கு பேர் போதும். கூடவே ‘ரிப்பீட் காலர்ஸ்’ என்று இருக்கும், அதையும் போட்டுவிடு. ஆண்ட்ராய்டில் ஒரே எண்ணிலிருந்து 15 நிமிஷத்துக்குள் இரண்டாவது தடவை கூப்பிட்டால் மணி அடிக்கும். ரிங்டோனை முழுச் சத்தத்தில் வைத்துச் சமையல்கட்டு அலமாரியில் வைத்துவிடு. அவசரம் என்றால் உனக்குக் கேட்கும், மற்றதெல்லாம் காத்திருக்கும்.

பள்ளிக்கூடத்தில் போனைத் தொடாமல் இருக்க முடியாது, தெரியும். கல்வித் துறையின் டிஎன்செட் ஆப்பில் வருகைப் பதிவு போட்டாக வேண்டும். போட்டு முடித்த கை சும்மா இருக்கிறதா? அப்படியே வாட்ஸ்அப், ஸ்டேட்டஸ், அங்கிருந்து யாரோ ஒருத்தர் வீட்டு வளைகாப்பு. ஆகவே போனின் முதல் பக்கத்தில் அந்த ஆப், போன், கேமரா மூன்று மட்டும் இருக்கட்டும். மற்றதையெல்லாம் அங்கிருந்து எடுத்துவிடு. வாட்ஸ்அப் குரூப்களை மொத்தமாக ஆர்க்கைவில் தள்ளு, புது செய்தி வந்தாலும் அவை மேலே ஏறி வராது. காலை பிரேயருக்கு முன்னால் ஒரு தடவை, சாயங்காலம் பள்ளி விட்டதும் ஒரு தடவை திறந்து சுற்றறிக்கை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஹெச்.எம்மிடம் ‘அவசரம்னா கூப்பிடுங்க சார்’ என்று வாய் திறந்து சொல்லிவிடு. சொல்லாமல் விட்டால் அவர் ஒரு நாள் கோபிப்பார், நீ பயந்து எல்லாவற்றையும் பழையபடி திறந்து வைப்பாய். பலருக்கு இந்த ஏற்பாடு முறிவது இந்த இடத்தில்தான்.

இன்ஸ்டாகிராமை போனிலிருந்து எடுத்துவிடு. தேர்வு முடிகிற வரைக்கும்தான். நேர வரம்பு வைத்துக்கொள்கிறேன் என்று சமாதானம் பேசாதே, அந்த வரம்பை நீக்க இரண்டு தட்டு போதும். யூடியூப் உனக்குப் பாடத்துக்கு வேண்டும். அதில் வாட்ச் ஹிஸ்டரியை அழித்து நிறுத்தி வை. முகப்புப் பக்கம் காலியாகிவிடும், தேடினால்தான் ஏதாவது வரும். ஆட்டோபிளேயையும் நிறுத்து. பாட வீடியோவை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, கேட்டதை நோட்டில் மூன்று வரி எழுதிவிட்டுத் தொடர வேண்டும். எழுதாமல் முழுசாகப் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், மறுநாள் ஒன்றும் நிற்காது.

இப்போது உட்காருகிற முறை. இதை நிதானமாகப் படி.

உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதிவிட்டார். மனசை வலிய ஒன்றில் நிறுத்தினால் அது சில நொடிகளுக்கு மேல் தாங்காது, நாம் நீண்ட கவனம் என்று நினைப்பது அதைத் திரும்பத் திரும்பக் கூட்டி வருவதைத்தான் என்றார். எனவே மனசு ஓடினது தோல்வி என்று நினைக்காதே. ஓடினதைக் கவனித்துத் திருப்பினாயே, அதுதான் பயிற்சி. ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் பக்கத்தில் வைத்த ஒரு துண்டுத் தாளின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போடு.

உனக்குப் பத்து நிமிஷம்தான் தாங்குகிறது என்றால் பத்திலேயே தொடங்கு. காலையில் இரண்டு தடவை, நடுவில் ஐந்து நிமிஷ இடைவெளி. மூன்று நாளைக்கு ஒரு முறை ஐந்து நிமிஷம் கூட்டு. கோடுகள் திடீரென்று அதிகமான நாளில் கூட்டாதே, பழைய அளவிலேயே இன்னும் மூன்று நாள் இரு. எல்லோரும் அவசரப்பட்டு முதல் நாளே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நான்காம் நாள் புத்தகத்தைப் பார்த்தாலே வெறுத்துப்போகிறார்கள். இப்படி ஏறினால் நான்காவது வாரத்துக்குள் 45 நிமிஷம் வந்துவிடும். அதற்கு மேல் ஒரே மூச்சில் போக வேண்டியதும் இல்லை. உன் தேர்வுத் தாளில் குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று ஐந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் 30 கேள்வி. பகுதிக்கு 36 நிமிஷம். நீ மூன்று மணி நேரம் உட்காரப் போவதில்லை தனம், 36 நிமிஷமாக ஐந்து தடவை உட்காரப் போகிறாய். ஒரு பகுதி முடிந்ததும் பேனாவைக் கீழே வைத்து, கண்ணை மூடிப் பத்து மூச்சு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. வீட்டிலேயே இப்படிப் பழகு.

மேஜையில் புத்தகம், நோட்டு, பேனா, ஒரு பழைய அலாரம் கடிகாரம், இவை போக கோடு போடுகிற அந்தத் துண்டுத் தாள். தாளின் தலைப்பில் ‘பிறகு’ என்று எழுது. படிக்கும்போது மனசில் கிளம்புவதையெல்லாம் அதில் ஒரு வரியில் இறக்கு. கேஸ் புக் பண்ணணும். பையன் ஃபீஸ் கடைசித் தேதி எப்போ? கோமதிக்குப் பதில். பியாஜே எந்த நாடு? கடைசியில் இருக்கிறதே, அந்த மாதிரிதான் ரொம்ப ஆபத்து. பாடத்துக்குத்தானே என்று போனை எடுப்பாய், அரை மணி கழித்து யாரோ வீட்டுத் தோசை செய்முறையில் இருப்பாய். அதையும் தாளிலேயே எழுது. கடிகாரம் அடித்த பிறகு தாளைப் பார்த்தால் பாதி வரி தேவையே இல்லை என்று தெரியும், மீதியைச் சேர்த்துப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடலாம். முதல் வாரம் தாள் நிரம்பி வழியும். நிரம்பட்டும்.

வெறுமனே வாசித்துக்கொண்டே போகாதே. கண் வரி மேல் ஓடும், மனசு அடிவாரத்தில் நிற்கும். ஒரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து மூன்று குறிப்பு எழுது. பிறகு திறந்து சரிபார். திரும்பத் திரும்பப் படிப்பதை விட நினைவிலிருந்து எடுத்து எழுதுவது ஒரு வாரம் கழித்தும் அதிகம் நிற்கிறது என்று 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் காட்டினார்கள். அடுத்து எழுத வேண்டும் என்று தெரிந்தால் மனசும் அவ்வளவு சீக்கிரம் நழுவாது.

நடுவில் எழுந்தே ஆக வேண்டி வந்தால், எழும் முன் எங்கே விட்டாய், திரும்பி வந்து முதலில் என்ன செய்யப்போகிறாய் என்று ஒரு வரி எழுதிவிட்டு எழு. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் முதல் வேலையின் மிச்சம் மனசில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை 2009-ல் சோஃபி லெராய் ஆராய்ந்து சொன்னார். இந்த ஒரு வரி அந்த மிச்சத்தைக் குறைக்கிறது. இடைவேளையில் போனைத் தொடக்கூடாது என்பதற்கும் காரணம் அதுதான். ஐந்து நிமிஷத்தில் ஐந்து ரீல் பார்த்தால் ஐந்து மிச்சத்தோடு திரும்பி வருவாய். வாசலுக்குப் போய் மிளகுக் கொடியைப் பார், பாத்திரம் கழுவு, சும்மா நில்.

மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம் போல எரிச்சலாக இருக்கும். போன் அதிராமலே அதிர்ந்த மாதிரி தோன்றும், வீட்டில் எல்லோர் மேலும் கோபம் வரும். அப்போது டிவி பக்கம் ஒதுங்காதே, ஒன்றை விட்டு இன்னொன்றில் விழுவதாகிவிடும். உன் வீட்டுக்காரர் செய்திச் சேனலைச் சத்தமாக வைப்பதையும் நிறுத்தச் சொல். பேச்சுச் சத்தம் மழைச் சத்தம் மாதிரி இல்லை, படிக்கிற வார்த்தையோடு நேராக மோதும். தமிழ்ப் பாட்டு போட்டுக்கொண்டு படிப்பதும் அதே கதைதான்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ராத்திரி போனைப் படுக்கையறையில் சார்ஜ் போடாதே. அதிகாலை நாலரைக்கு எழுந்து படிக்கிறாய், சந்தோஷம். ஆனால் பதினொன்றரைக்குப் படுத்துவிட்டு நாலரைக்கு எழுந்தால் எந்த முறையும் வேலை செய்யாது. ஒன்பதரைக்குப் படு. சாயங்காலம் ஆறு மணிக்கு எஸ்டேட் காபியைத் திக்காகப் போட்டுக் குடிக்கிறாயே, அதைத் தியாகம் செய். குடித்த காஃபீனில் பாதி இறங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

நாகலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதும் போனைப் பையிலேயே விடு. ரேஷன் கடை வரிசையிலும் அப்படியே. காத்திருக்கிற ஒவ்வொரு இரண்டு நிமிஷத்தையும் போனால் நிரப்பிவிட்டால், காலையில் மேஜையில் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் மனசு அதையே கேட்கும். ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவும் சும்மா உட்கார்ந்து வந்து பார்.

மாதம் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு முழு மாதிரித் தேர்வு எழுது. டூரிஸ்ட் வண்டிகள் ஏறி வருவதற்கு முன்னால் முதல் முறை, ஹாரன் சத்தத்துக்கு நடுவிலேயே அடுத்த முறை. தேர்வு அறையும் அமைதியாக இருக்காது.

‘பிறகு’ தாள்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வை. அடுத்த வாரம் ராஜாமணி சார் ஏற்காடு வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்பு. கோடுகளை எண்ணிப் பார்த்து, எப்போது நேரத்தைக் கூட்டலாம் என்று எழுதுகிறேன். பழைய கேள்வித்தாள்கள் நான்கை ஜெராக்ஸ் எடுத்து அவரிடமே தருகிறேன். கணக்குப் பகுதியை முதலில் தொடு, அதற்குத்தான் நீ பயப்படுகிறாய்.

அன்புடன்,
விஜயா