எந்தக் காட்ஜில்லாவைப் போடப் போகிறாய்?

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா இப்போது தேவலை, வாசல் வரை நடக்கிறார்.

திகில் படம், அறிவியல் புனைவுப் படம் என்று வரிசையாகத் திரையிடப் போவதாகவும், முதல் வாரம் ராட்சதப் பிராணி ஒன்று நகரத்தை அழிக்கும் காட்ஜில்லா என்றும் எழுதியிருந்தாய். எந்தப் பிரதி என்று சொல்லவில்லையே? 1954 நவம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியான இஷிரோ ஹோண்டாவின் படம் 96 நிமிடம். 1956இல் அதையே வெட்டி ஒட்டி அமெரிக்காவில் ஓட்டிய பிரதி சுமார் 80 நிமிடம். அதிலும் ஏறத்தாழ 20 நிமிடம் ரேமண்ட் பர் என்ற நடிகரை வைத்துப் புதிதாக எடுத்து ஒட்டியது. கையில் இருக்கும் பிரதியை ஓட்டிப் பார். கறுப்புத் திரையில் காலடிச் சத்தமும் உறுமலும் கேட்க, எழுத்துகள் ஓடினால் அது அசல். இடிபாட்டுக்குள் கிடக்கும் ஒரு அமெரிக்க நிருபர் கதை சொல்ல ஆரம்பித்தால், அதை எடுத்து வைத்துவிடு.

அமெரிக்கப் பிரதியில் அணுகுண்டுச் சேதியையே வெட்டிவிட்டார்கள் என்று சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால்தான் அந்தப் பிராணி கிளம்பியது என்ற விளக்கம் அதிலும் இருக்கிறது. அந்தப் பிரதியில் காணாமல் போனவர்கள் குண்டு பட்ட மனிதர்கள். அசலில் ஒரு ரயில் காட்சி வருகிறது. வேலைக்குப் போகிற மூன்று பேர் செய்தித்தாள் பார்த்துப் பேசுகிறார்கள். கதிர்வீச்சு பட்ட சூரை மீன், கதிர்வீச்சு மழை, இப்போது காட்ஜில்லா வேறா என்று அலுத்துக்கொள்கிறாள் ஒரு பெண். நாகசாகியிலிருந்து தப்பி வந்த உயிர் என்னுடையது என்கிறாள். விலைவாசியைப் பற்றிப் பேசுகிற தொனியில் சொல்கிறாள், கேட்கும்போது நெஞ்சு அடைத்துப்போகிறது. கதையை நகர்த்தாத காட்சி என்பதால் கத்தரிக்கு முதலில் மாட்டுவது இதுதான். இந்த வகைப் படங்களில் அரசியல் இப்படிப்பட்ட ஓரத்துக் காட்சிகளில்தான் குடியிருக்கிறது.

அந்தச் சூரை மீனைப் பற்றி மட்டும் படத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் பேசு. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி தீவுத்திட்டில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் வலிமை சுமார் 6 மெகாடன் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 15 மெகாடன் ஆகிவிட்டது. பங்கெடுக்காது என்று நினைத்த, குண்டுக்குள் இருந்த லித்தியம்-7 வினையில் சேர்ந்துகொண்டதுதான் காரணம். அறிவித்த அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. 23 பேர் நோயில் விழுந்தார்கள். வானொலிக் கருவியை இயக்கிய குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். ஆறு வாரத்தில் படம் வெளியானது. முதல் காட்சியைப் பார்: கடலில் ஒரு கப்பல், மேல்தளத்தில் ஓய்வாக மாலுமிகள், திடீரென்று கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், உள்ளே அவசரச் செய்தி தட்டிக்கொண்டிருக்கும் ஒரு வானொலிக்காரர். அன்றைய ஜப்பானியப் பார்வையாளனுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை.

உடையையும் கவனிக்கச் சொல். ஹருவோ நகாஜிமா உள்ளே நுழைந்து நடித்த அந்த ரப்பர் உடை 100 கிலோ அளவுக்குக் கனத்தது. மாதிரிக் கட்டடங்கள் 25இல் ஒரு பங்கு அளவு. ஆகவே இரண்டு மீட்டர் உடை 50 மீட்டர் பிராணியாகத் தெரியும். பெரிய உருவத்துக்குக் கனம் வர வேண்டுமென்று கேமராவை வேகமாக ஓட்டிப் பிடித்து, சாதாரண வேகத்தில் காட்டினார்கள். வேகம் கூடினால் வெளிச்சம் அதிகம் வேண்டும். விளக்குச் சூட்டில் உள்ளே இருப்பவர் வெந்துபோவார். இந்தக் கஷ்டத்தில் பிறந்த நடைதான் படத்தின் பொருளாகவும் ஆனது. காட்ஜில்லா யாரையும் துரத்துவதில்லை, தீ பரவுகிற மாதிரி நகர்கிறது. சுமார் ஒரு லட்சம் பேரைக் கொன்ற 1945 மார்ச் 10 குண்டுவீச்சில் தோக்கியோ எரிந்ததைப் பார்த்தவர்கள் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். தோக்கியோவின் கின்ஸா பகுதியில் குழந்தைகளை அணைத்துக்கொண்டு ஒரு தாய், சீக்கிரம் அப்பாவிடம் போய்விடலாம் என்கிறாளே, அந்த அப்பா எப்படிப் போனார் என்று படம் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ஒரு குறையையும் மறைக்காமல் பேசுங்கள். படத்தில் வரும் விஞ்ஞானி செரிஸாவாவின் கண் போரில் போனது என்று வருகிறது. சீனாவில் ஜப்பானிய ராணுவம் செய்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஹோண்டாவே சீனாவில் படைவீரராக இருந்தவர். பட்ட காயத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம், கொடுத்த காயத்தின் பக்கம் திரும்பவில்லை. எனக்கு இது பெரிய குறைதான். படத்தின் மேல் உள்ள மதிப்பும் அப்படியே இருக்கிறது.

முடிவு: அசலில் பேராசிரியர் யமானே, சோதனைகள் தொடர்ந்தால் உலகில் எங்கோ இன்னொரு காட்ஜில்லா வரும் என்கிறார். அமெரிக்கப் பிரதியில் ஆபத்து நீங்கியது, உலகம் மறுபடி வாழலாம் என்று நிருபர் முடித்துவைக்கிறார்.

இரண்டாம் வாரம் அமெரிக்க இயக்குநர் ரொமேரோவின் 1968ஆம் ஆண்டுப் பிணப் படம் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ என்றால் ஒரே ஒரு வேண்டுகோள். கடைசியில் எழுத்துகள் ஓடும்போது விளக்கைப் போட்டுவிடாதே. இரவு முழுக்க நடமாடும் பிணங்களிடம் தப்பிய கறுப்பினத்தவரான பென், விடிந்ததும் ஷெரிஃபின் ஆட்களால் சுடப்படுகிறார். அவர் உடலைக் கொக்கியால் இழுத்து விறகோடு போடுவது பத்திரிகைப் படம் போன்ற புள்ளிப் புள்ளியான நிழற்படங்களாக எழுத்துகளோடு வருகிறது. மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரலில் கொல்லப்பட்ட ஆண்டின் அக்டோபரில் வந்த படம். பாத்திரத்தைக் கறுப்பினத்தவர் என்று திரைக்கதை குறித்திருக்கவில்லை. டுவேன் ஜோன்ஸ் நடித்ததும் அந்த நிழற்படங்களின் அர்த்தமே மாறிவிட்டது. யாராவது கதவைத் திறந்து வெளிச்சம் விட்டால் அதுவும் போச்சு.

சப்டைட்டிலையும் சோதித்துவிடு. ரயில் காட்சியில் ‘நாகசாகி’ என்ற சொல் வருகிறதா என்று பார்த்து எழுது. வராவிட்டால் நானே அந்த வரிகளைத் தமிழில் எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்