நமது பழைய பாடல் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்த இசைத்தட்டு மாலைகள் இந்த ஆண்டும் தடையின்றி நடந்தன. புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியும், நான் பெயர் வாசிக்கவில்லை. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வைப்பார். இந்த அறிக்கையில் பெரும்பங்கு மார்ச் மாத நிகழ்ச்சிக்கே போகிறது. அவ்வளவு பேச்சு அடிபட்ட விஷயத்தை நாலு வரியில் முடித்தால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள்.

அல் ஜோல்சனின் பாடல்களை ஊர் ஊராகப் பாடிவரும் ஆங்கிலேயக் கலைஞர் ஒருவரை அழைத்திருந்தோம். ஜோல்சன், லித்துவேனியாவிலிருந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. 1920இல் அவர் பாடிய 'ஸ்வானி' அமெரிக்கா முழுக்க ஒலித்தது. அதற்கு இசையமைத்தபோது ஜோர்ஜ் கேர்ஷ்வினுக்கு 20 வயதுதான். 1927இல் வந்த 'த ஜாஸ் சிங்கர்' பேசும்பட யுகத்தையே தொடக்கி வைத்தது. அந்தப் படத்திலும் மேடையிலும் அவர் எரித்த தக்கைக் கரியை முகத்தில் அப்பி, உதட்டைச் சுற்றி வெளிறவிட்டு, வெள்ளைக் கையுறையோடு முழந்தாளிட்டுப் பாடினார். வேடம் அவர் கண்டுபிடித்ததல்ல. அவருக்கு ஒரு நூற்றாண்டு முந்தியே ரி. டி. ரைஸ் என்ற வெள்ளை நடிகர் 'ஜிம் குரோ' என்று கறுப்பரைக் கேலிசெய்யும் ஆட்டம் ஆடிக் காசு பார்த்தார். பிற்காலத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் நிற ஒதுக்கல் சட்டங்களுக்கு அந்தக் கோமாளியின் பெயரே வழங்கலாயிற்று.

இங்கிலாந்திலும் இது தூரத்துக் கதை இல்லை. முகத்தில் கரி பூசி ஆடிப்பாடும் 'பிளாக் அண்ட் வைட் மின்ஸ்ட்ரல் ஷோ'வை பிபிசி 1958 முதல் 1978 வரை ஒளிபரப்பியது. நிறுத்தச் சொல்லி 1967இல் மனு கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் பதினோரு வருடம் ஓடியது. அறுபதுகளில் இங்கே வந்திறங்கிய நமது மூத்த அங்கத்தவர்கள் பலருக்கு அது வீட்டுக்காரி அம்மாவின் தொலைக்காட்சியில் பார்த்த நிகழ்ச்சி. பாட்டுகள் இன்னும் வாயில் வருகின்றன. அழைப்பை முன்மொழிந்தவர்களும் அவர்கள்தான்.

கலைஞர் கரி பூசுவதில்லை என்று முன்கூட்டியே உறுதி சொல்லியிருந்தார், சொன்னபடியே வந்தார். ஆனால் கையுறை இருந்தது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜமேக்காக்காரர் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவர், கலைஞர் ஒத்திகைக்குக் கையுறையை மாட்டியதும் வேலையை நிறுத்திவிட்டு, "முகத்தைக் கழுவினீர்கள், கையைக் கழுவ மறந்தீர்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கலைஞரோ, அது ஜோல்சனின் அடையாளம், அதைக் கழற்றினால் சனம் ஏமாறும் என்றார். நிகழ்ச்சி நடந்தது, குரல் அசல் போலவே இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன். 'மேமி' தொடங்கியபோது அங்கத்தவர் சிலர் எழுந்து வெளியே போனதையும் பதிவு செய்கிறேன்.

அடுத்து நடந்த செயற்குழுக் கூட்டம் ரோல்ஸ் ஆறும்வரை நீண்டது. ஒரு பக்கத்தார் பாட்டைப் பாட்டாகக் கேளுங்கள் என்றார்கள். மறு பக்கத்தார் இந்த வகையையே பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை, அங்கேயும் அதைச் சொன்னேன். எல்லாப் பாட்டுக்கும் ஒரே கணக்கு எழுத முடியாது.

அதைக் காட்டத்தான் மே மாத மாலையை ஸ்டீபன் ஃபொஸ்டர் என்ற பழைய அமெரிக்கப் பாடலாசிரியருக்கு ஒதுக்கினோம். கரிமுகக் குழுக்களுக்குப் பாட்டெழுதிப் பெயர் பெற்றவர்; 1864இல் 37 வயதில் இறந்தபோது பையில் 38 சென்ட் இருந்தது. அவருடைய 'ஓ சுசானா'வை நம் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாடுகிறார்கள். அதன் முதல் பதிப்பின் இரண்டாம் சரணத்தில் கறுப்பர்கள் கூட்டமாகச் சாவது பகிடியாக வருகிறது. அதே மனிதர் 1853இல் வெளியிட்ட 'மை ஓல்ட் கென்டக்கி ஹோம்' வேறு மாதிரி. விற்கப்பட்டுத் தெற்கே கரும்புத் தோட்டத்துக்குப் போகும் அடிமை தன் வீட்டுக்கு விடை சொல்கிற பாட்டு அது. அடிமையாயிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் கரிமுகக் கூத்தாடிகளைக் காறித் துப்பியவர். அவரே இந்தப் பாட்டு அடிமைகள்மேல் இரக்கத்தை எழுப்புவதாக 1855இல் சொல்லியிருக்கிறார். ஆனால் இன்று கென்டக்கியின் குதிரைப் பந்தயத்தில் தொப்பி போட்டவர்கள் முதல் சரணத்தையும் பல்லவியையும் மட்டும் பாடிக் கண்கலங்குகிறார்கள். விற்கப்பட்டவனின் கதை கடைசிச் சரணத்தில் அப்படியே கிடக்கிறது.

அதைத் தன் மாநிலப் பாட்டாக வைத்திருக்கும் கென்டக்கி, அதிலிருந்த இழிசொல்லை 1986இல் மாற்றியது. ஜப்பானிய மாணவர் குழு ஒன்று சட்டமன்றத்தில் அந்தச் சொல்லோடு பாட, கறுப்பின உறுப்பினர் கார்ல் ஹைன்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். பகிரங்கமாக, பெயர் போட்டு மாற்றினார்கள். நமது மார்ச் மாதக் கலைஞரும் சில வரிகளை மாற்றித்தான் பாடினார், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு உறுத்தியது கையுறையைவிட அதுதான்.

போல் ரோப்சன் என்ற அமெரிக்கப் பாடகர் பாடிய கென்டக்கிப் பாட்டையும் அந்த மே மாத மாலையில் போட்டோம். கறுப்பரான அவர் அந்த வரிகளை ஏன் எடுத்துக்கொண்டார் என்ற வாக்குவாதம் கார் தரிப்பிடம்வரை தொடர்ந்தது. பேர்ட் வில்லியம்ஸ் என்ற நகைச்சுவைக் கலைஞரின் 'நோபடி'யும் ஒலித்தது. அவரும் கறுப்பர்தான், இருந்தும் தன் முகத்துக்கே கரி பூசி மேடையேற வேண்டியிருந்தது. மண்டபப் பொறுப்பாளரும் வந்திருந்து கடைசிவரை கேட்டார். 'நோபடி'யை மறுபடி போடச் சொன்னவரும் அவரே.

செயற்குழு முடிவு செய்தவை: இப்படியான பாடல்களை மேடையேற்றும் கலைஞர் வேடமும் கையுறையும் இன்றி வரவேண்டும். எந்த வரியை மாற்றினாலும் மாற்றியதைச் சபைக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன் அது யார் எழுதியது, யாரைக் கேலி செய்தது என்று சுருக்கமாகச் சொல்லப்படும். கறுப்பினக் கலைஞரின் இசைத்தட்டு ஒன்றாவது அதே மாலையில் இடம்பெறும். மார்ச் மாதக் கலைஞருக்கு இதை எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. இம்முடிவை ஏற்காத மூத்த அங்கத்தவர் இருவர் விலகிவிட்டார்கள். அவர்களுடைய கதிரைகள் காத்திருக்கின்றன என்று தலைவர் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஏனையவை: ஒலிபெருக்கி பழுது பார்க்கப்பட்டது. ஷெல்லாக் இசைத்தட்டுகளைக் கடதாசி உறையில் நிமிர்த்தி வைக்கவும், ஒன்றின்மேல் ஒன்று அடுக்க வேண்டாம். இதை ஆண்டுதோறும் எழுதுகிறேன். தேநீர்ப் பொறுப்பை ஏற்றிருந்த அக்காமாருக்கு நன்றி.

இவ்வறிக்கையை விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன விதிகளுக்கான வாக்கெடுப்பு நிகழ்ச்சிநிரலில் ஐந்தாவதாக இருக்கிறது.

செயலாளர்