ஸ்டெனோட்ரைட்டிடே வரைபடம் முடிந்தது, கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

எந்தத் தேனீ எங்கே பிடிபட்டது என்று புள்ளி வைத்துக் காட்டும் வரைபடம் ஒருவழியாக முடிந்துவிட்டது. ஸ்டெனோட்ரைட்டிடே என்றதும் "அது என்ன வியாதி?" என்று கேட்டவர்களுக்கும் சேர்த்தே இந்த மடல். தேனீக் குடும்பங்களிலேயே மிகச் சிறியது இதுதான். இரண்டு பேரினங்கள், மொத்தம் 21 இனங்கள், அவ்வளவும் ஆஸ்திரேலியாவில் மட்டும்.

முதல் நன்றி, பூச்சிப் பெட்டிகளை நம்பி என் கையில் கொடுத்த அருங்காட்சியகக் காப்பாளருக்கு. கொலெட்டிடே என்ற வேறொரு தேனீக் குடும்பம் என்று நான் உறுதியாக எழுதி வைத்திருந்த ஒரு பெண் தேனீயை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, "நாக்கைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். கொலெட்டிடே என்றால் நாக்கின் நுனி பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்திருக்கும். இதற்குப் பிளவே இல்லை, மழுங்கலாக இருந்தது. 1980இல் மெக்கின்லி என்ற ஆய்வாளர் ஸ்டெனோட்ரைட்டிடேயைத் தனிக் குடும்பமாகப் பிரித்ததே இந்த நாக்கை வைத்துத்தான், அதைப் படித்திருந்தும் கோட்டை விட்டேன். அன்று வெட்கமாக இருந்தது, அப்புறம் பழைய குறிப்புகள் அத்தனையையும் திரும்பப் பார்த்தேன்.

தேனீ ஆய்வாளர் டெர்ரி ஹூஸ்டன், அந்த இரண்டில் ஒன்றான டெனோகொலெட்டஸ் பேரினத்தைப் பற்றி 1980களில் எழுதிய கட்டுரைகள் இல்லாவிட்டால் இனங்களைப் பிரித்திருக்கவே முடியாது. அவரை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் நன்றி சொல்லாமல் இருப்பது சரியில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் செம்மண் பாதைகளில் வண்டி ஓட்டிய நண்பருக்குத் தனி நன்றி. பூச்சி என்றாலே முகம் சுளிக்கும் ஆள், ஆனால் அந்த ஜோடியை முதலில் கண்டது அவர்தான்: பெண் தேனீ பூவுக்குப் பூ தாவித் தேன் குடிக்கிறது, ஆண் அதன் முதுகை விடவே இல்லை. டெனோகொலெட்டஸில் இது வழக்கம்தான் என்று நான் சொன்னதும், "பாவம் அந்த அம்மா" என்றார். வலையை வீசவே மறந்துவிட்டோம்.

பூச்சி எங்கே பிடிபட்டது என்று குறித்த பழைய சீட்டுகளின் பென்சில் எழுத்தைப் படித்துச் சொன்ன தோழிக்கும் நன்றி. பாதிச் சீட்டுகளில் மாநிலத்தின் பெயர் மட்டும்தான், அவற்றுக்குப் புள்ளி வைக்கவில்லை. புள்ளிகள் மேற்கில்தான் நெருக்கமாக விழுந்திருக்கின்றன, அதிலும் சாலை ஓரங்களில். தேனீக்கு என்ன சாலையா முக்கியம், நாம் போன இடம் அவ்வளவுதான்! வெற்றிடத்தைப் பார்த்து "அங்கே இல்லை" என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காப்பாளர் கவனத்துக்கு: பெட்டிகளைத் திங்கட்கிழமை கொண்டுவருகிறேன். ஒரு ஊசி மட்டும் லேசாக வளைந்துவிட்டது, தேனீ பத்திரமாக இருக்கிறது.