உங்கள் ஆய்வை எங்களுக்கும் சொல்லுங்கள்: மலேசியத் தமிழ் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

நம் தமிழ் நாளிதழ்களில் உங்கள் படத்தை அடிக்கடி பார்க்கிறேன். பட்டமளிப்பு அங்கி, பக்கத்தில் அப்பா அம்மா, கீழே “முனைவர் பட்டம் பெற்றார்” என்று ஒரு வரி. எந்தத் தோட்டத்தில் பிறந்தவர், எந்தத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், குடும்பம் எவ்வளவு கஷ்டப்பட்டது, எல்லாம் இருக்கும். படிக்கப் படிக்க நெஞ்சு நிறையும். ஆனால் கடைசி வரி வரை தேடினாலும் ஒன்று மட்டும் கிடைக்காது: இவர் என்ன கண்டுபிடித்தார்? ஆய்வின் தலைப்பு சில நேரம் இருக்கும், அதுவும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தபடியே. ஒருவர் தன் இளமையைக் கொடுத்துத் தேடியது என்ன, கையில் கிடைத்தது என்ன என்பது நம் சனங்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. அதை நீங்களே வந்து தமிழில் சொல்ல வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். என் பகுதி வயர் பாண்டிங். சிப்பையும் அதன் வெளிக்கால்களையும் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் இணைப்பது. மெஷின் ஒரு தீப்பொறியால் கம்பி முனையை உருக்கிச் சின்ன உருண்டையாக்கும். அந்த உருண்டையைச் சிப்பின் மேல் அழுத்தி ஒட்டும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் ஒட்டியதா இல்லையா என்று தெரியும். தங்கம் விலை ஏறியபோது செம்புக் கம்பிக்கு மாறினோம். அன்றிலிருந்து தலைவலி. பழைய செட்டிங்கில் ஓட்டினால் சரியாக ஒட்டாது; அழுத்தத்தைக் கூட்டினால் அடியில் சிப்பே விரிசல் விடும். மெஷினுக்குப் புதிதாக ஒரு கேஸ் குழாய் வேறு வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. இந்த எண்ணைப் போடு, அந்த எண்ணைத் தொடாதே, அவ்வளவுதான்.

ஒரு நைட் ஷிஃப்டில், கேண்டீனில் எஞ்சினியர் தம்பி ஒருவர் எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். “அக்கா, செம்பு தங்கத்தைவிடக் கெட்டி. ஓங்கி அழுத்தினா கீழே இருக்கிற சிலிக்கான் தாங்காது. அப்புறம், உருகும்போது காத்து பட்டா செம்பு ஆக்சைடு ஆயிடும், உருண்டை கோணிக்கும். அதுக்குத்தான் நைட்ரஜனோட கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்து ஊதறோம்.” தே ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். அதற்கு அப்புறம் எங்கள் லைனில் உருண்டை கொஞ்சம் கோணலாகத் தெரிந்தாலே கேஸைப் பார் என்று பிள்ளைகள் தாங்களாகவே சொல்ல ஆரம்பித்தார்கள். அதே கைகள், அதே மெஷின். காரணம் தெரிந்ததும் வேலையே வேறாகிவிட்டது.

அந்தத் தம்பி பேசியதில் பாதிச் சொல் ஆங்கிலம்தான். யாருக்கும் அது தடையாக இல்லை. ஆகவே கலைச்சொல் தெரியாதே என்று தயங்காதீர்கள். தெரிந்த இடத்தில் தமிழ்ச்சொல், தெரியாத இடத்தில் உங்கள் லேப்பில் புழங்கும் சொல். விளக்கம் தமிழில் இருந்தால் போதும்.

நீங்கள் பேசாத இடத்தில் என்ன வந்து உட்காருகிறது தெரியுமா? டெங்கி காலம் வந்தால் வாட்ஸ்அப்பில் பப்பாளி இலைச்சாறு சுற்ற ஆரம்பிக்கும். “மூன்று நாளில் டெங்கி குணம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்.” நம் நாட்டிலேயே இதை முறையாகச் சோதித்து 2013-இல் வெளியிட்டிருக்கிறார்கள். டெங்கி நோயாளிகள் 228 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு இலைச்சாறும், மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சாறு குடித்தவர்களுக்கு, டெங்கியில் குறைந்துபோகும் ரத்தத் தட்டணுவான பிளேட்லெட்டின் எண்ணிக்கை சீக்கிரம் ஏறியது. எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருந்தபடிதான் குடித்தார்கள். உயிர் பிழைப்பது கூடுகிறதா என்பதற்கு அந்தச் சோதனையில் பதில் இல்லை. இந்த நாலு வரியைத் தமிழில் நம்பிக்கையான ஒருவர் சொல்லியிருந்தால், காய்ச்சல் கண்ட பிள்ளையை வீட்டிலேயே வைத்துச் சாறு கொடுத்துக்கொண்டிருக்கிற தாய்க்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! அதில் உண்மையும் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல உங்களைப் போன்றவர்களால்தான் முடியும்.

கோலாலம்பூர் பக்கம் கெராமாட் ஏயூ2 வட்டாரத்தில் 2017-இல் ஏடிஸ் கொசுக்களை வேண்டுமென்றே பறக்கவிட்டார்கள். கொசுவை ஒழிக்கச் சொன்னால் கொசுவையே கொண்டுவந்து விடுகிறார்களே என்றுதான் யாருக்கும் தோன்றும். விஷயம் இதுதான். அந்தக் கொசுக்களுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கிறது. பல பூச்சிகளில் இயல்பாக வாழ்வது அது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்தி கொசுவில் அது இயல்பாக இல்லை. உள்ளே புகுத்திவிட்டால் டெங்கி வைரஸ் அந்தக் கொசுவில் சரியாகப் பெருக முடியாது. வோல்பாக்கியா உள்ள ஆண் கொசு சாதாரணப் பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. பெண் கொசுவிடம் இருந்தால் குஞ்சுகளுக்கும் போகும். அப்படியே ஊர் முழுக்கப் பரவும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வேறு நாடுகளில் பயன்பட்ட வோல்பாக்கியா வகை கடும் வெப்பத்தில் தளர்ந்துவிடும். நம் ஊர் வெயிலில் சூடேறிய தண்ணீரில் வளரும் புழுக்களிலும் அது நிலைக்க வேண்டுமே என்று, வெப்பம் தாங்கும் இன்னொரு வகையை நம்மவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2019-இல் வந்த முடிவில், கொசு விட்ட இடங்களில் டெங்கி 40 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. நம் நாட்டு மருத்துவ ஆய்வுக் கழகம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து செய்த வேலை இது. செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் வீட்டுக்கு வீடு பேச வேண்டிய செய்தி.

கணிதத்தில் இருப்பவர்கள், எங்கள் துறையை யார் கேட்கப்போகிறார்கள் என்று விலகிவிடாதீர்கள். 2023-இல் ஒரு புது வடிவம் கிடைத்தது. 13 பக்கம் உள்ள ஒரே ஓடு. அதை வைத்துத் தரை முழுவதையும் இடைவெளியில்லாமல் நிரப்பலாம், ஆனால் எந்த அமைப்பும் சீராகத் திரும்பத் திரும்ப வராது. அப்படி ஒற்றை ஓடு இருக்க முடியுமா என்பது பல பத்தாண்டுக் கேள்வி. முதலில் அதைக் கண்டவர் டேவிட் ஸ்மித், இங்கிலாந்தில் அச்சுத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்றவர். காகிதத்தில் வெட்டி வெட்டி அடுக்கிப் பார்த்திருக்கிறார். பிறகு மூன்று வல்லுநர்கள் சேர்ந்து நிரூபணம் எழுதினார்கள். தினமும் வாசலில் புள்ளி வைத்து இழுக்கும் நம் பெண்களுக்கு இதை ரசிக்கத் தெரியாதா? கோலங்களைக் கணினி இலக்கணமாக, அதாவது படத்தை உருவாக்கும் விதிகளாக எழுதலாம் என்று சென்னையைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974-லேயே ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். அந்தச் சென்னை மரபில் வந்த கே. ஜி. சுப்பிரமணியன் நம் பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்திலேயே இருந்து ஆய்வு செய்தார். லிட்டில் இந்தியாவில் தீபாவளிக்குக் கோலம் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியும். பதவி உயர்வுக்கு ஆய்விதழ்க் கட்டுரையைத்தான் எண்ணுகிறார்கள். கோயில் மண்டபத்தில் பேசியது எந்தப் பாரத்திலும் ஏறாது. ஆய்வு இன்னும் முடியவில்லை, முடிவு சின்னதுதான், சோதனை தோற்றுவிட்டது என்றெல்லாம் கூச்சமும் இருக்கும். சரி, அதையே சொல்லுங்கள். எதை எதிர்பார்த்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள், இன்னும் எது தெரியவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை உட்கார்ந்து கேட்க வேண்டியது அதைத்தான். சாதனையாளர் என்று மாலை போட்டுப் படம் எடுப்பதை அவன் நிறையப் பார்த்துவிட்டான்.

ஞாயிறு மாலைகளில் எங்கள் கோயில் மண்டபம் பெரும்பாலும் காலிதான். ப்ரொஜெக்டர், நாற்காலி, தே, பலகாரம் எல்லாம் எங்கள் பொறுப்பு. யூஎஸ்எம் இருக்கும் கெலுகோரில் இருந்து வருகிறவர்களை நாங்களே காரில் அழைத்து வருகிறோம். கோலாலம்பூரில் இருப்பவர்கள் உங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரம் பேசினால் போதும். கேள்விக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் கேட்பார்கள். பள்ளி விடுமுறைக்கு முன்னால் முதல் கூட்டத்தை வைத்துவிட ஆசை. உங்களுக்கு எந்த ஞாயிறு தோதுப்படும் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து உங்கள் அக்கா ஒருவர்