கேஸ் ஷீட்டில் காலியாகக் கிடக்கும் எடைக் கட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவள் நான். இடுப்பெலும்பு முறிந்த என் பெரியம்மாவுக்குத் துணையாக அண்மையில் ஒரு மருத்துவமனையில் தங்கியிருந்தேன். அவரது கேஸ் ஷீட்டில் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சர்க்கரை எல்லாம் வேளை தவறாமல் எழுதப்பட்டிருந்தன. எடை, உயரம் என்று அச்சடித்த கட்டங்கள் மட்டும் காலி. பெரியம்மாவின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. மோதிரம் கழன்று விழாமலிருக்க நூல் சுற்றிப் போட்டிருக்கிறார். சாப்பாடு எப்போதிலிருந்து குறைந்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

உணவைக் குறைக்க நினைக்காமலேயே ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை போய்விட்டால், அதாவது 50 கிலோ இருந்தவர் 45 ஆகிவிட்டால், அது கவனிக்கப்பட வேண்டிய நோய்க்குறி. அப்படிப்பட்டவருக்கு அறுவை செய்தால் புண் ஆறத் தாமதமாகும், படுக்கைப் புண் எளிதில் வரும், தொற்றும் சேரும். நிற்க முடியாதவரை எப்படி எடை பார்ப்பது என்பார்கள். மேற்கையின் நடுவில் நாடாவைச் சுற்றி அளக்கலாமே! முன்கையின் நீளத்தைக் கொண்டு உயரத்தையும் கணக்கிட்டுவிடலாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு என்று அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும். பெரியவர்களின் வார்டில் அந்த நாடாவைக் காணவில்லை.

எடையும் சில நேரம் ஏமாற்றும். காலில் நீர் கோத்திருந்தால் எடை கூடுதலாகக் காட்டும்; கணுக்காலில் கட்டை விரலை அழுத்தி, பள்ளம் விழுகிறதா என்று பார்த்த பிறகே அந்த எண்ணை நம்ப வேண்டும். இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருப்பதை மட்டும் வைத்து ஊட்டம் போதவில்லை என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. தொற்று, கல்லீரல், சிறுநீரகக் கோளாறுகளிலும் அது குறையும்.

உடல் பருத்தவருக்குக் குறைபாடு இராது என்ற எண்ணம் இன்னும் தவறானது. பெரியம்மாவின் பக்கத்து வார்டில், நல்ல உடல்வாகுள்ள கொத்தனார் ஒருவர் பல வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர். கால் எரிகிறது, செருப்பு கழன்று போவதே தெரியவில்லை என்றார். சர்க்கரை வந்தால் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்களாம். நாக்கை நீட்டச் சொன்னேன். சொரசொரப்பே இல்லாமல் சிவந்து வழவழவென்றிருந்தது. அந்த மாத்திரை நாள்பட பி12 சத்தைக் குறைக்கக்கூடியது. அன்று மாலை மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதிக்க வைத்தோம். பி12 மிகக் குறைவாக இருந்தது. நாக்கு, கடைவாய் வெடிப்பு, கீழ் இமையின் உட்புறம், நகம், பாதத்தின் உணர்வு: இவற்றைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

நம் மாநிலத்தால் முடியாததல்ல இது. 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், காசநோய் உறுதியானவுடனேயே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு, ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பதெல்லாம் பார்க்கிறார்கள். உடல் நிறைக் குறியீடு (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் உள்நோயாளியாகச் சேர்க்கப் பரிந்துரைக்கிறார்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடிய காசநோயாளிகளிடம் இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. எடை எழுதப்படாவிட்டால் அந்த 5 சதவீதத்தை எப்படி அறிவது?

காசநோயாளிக்குச் செய்வதை எலும்பு முறிவு, புற்றுநோய், சிறுநீரக வார்டுகளிலும் செய்ய வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது "சத்தான சாப்பாடு கொடுங்கள்" என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எத்தனை முட்டை, எவ்வளவு பருப்பு என்று சொல்ல உணவியல் நிபுணர் வேண்டும். செவிலியர் பற்றாக்குறை எனக்குத் தெரியாததல்ல. அதனால்தான் சேர்க்கை நேரத்திலேயே எடையும் கைச்சுற்றளவும் எழுதப்பட வேண்டும், வாரம் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும் என்று சுகாதாரத் துறை சுற்றறிக்கை அனுப்பும்படி கேட்கிறேன். ஒவ்வொரு வார்டுக்கும் ஓர் அளவு நாடாவும், ஒழுங்காக வேலை செய்யும் எடை இயந்திரமும் கொடுத்துவிட்டு அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்.