எந்த மலைத் தூள், அண்ணாச்சி?

குமரி மாவட்டத்து டீக்கடை அண்ணாச்சிமாருக்கு,

வணக்கம். நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை உங்கள் பாய்லர் பக்கம் நின்றே வளர்ந்தவன் எழுதுகிறேன்.

கடை வாசலில் தொங்கும் மட்டி வாழைக் குலை எந்தப் பக்கத்து விளையில் வெட்டியது என்று கேட்டால் உடனே சொல்வீர்கள். அந்த மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மலைக் கிராம்புக்கு 2021இலேயே கிடைத்துவிட்டது. மண்ணும் மழையும் மாறினால் ருசி மாறும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் ஒரு கடையில் "இது எந்த மலைத் தூள்?" என்று கேட்டதற்கு, "நல்ல ஸ்ட்ராங் தூளாக்கும்" என்று பதில் வந்தது.

அசாம் தேயிலை பிரம்மபுத்திரா சமவெளியில் வெக்கையிலும் மழையிலும் மளமளவென்று வளர்வது. சாயம் கறுத்து இறங்கும். எவ்வளவு பால் ஊற்றினாலும் அமுங்காது. நீலகிரியில் ஆறாயிரம் அடிக்கு மேல் குளிரில் கொழுந்து மெதுவாகத்தான் வரும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் கிள்ளிய இலைக்கு ஒரு பூவாசம் உண்டு. டார்ஜிலிங்கில் மே, ஜூனில் தத்துப்பூச்சி கொழுந்தைச் சப்பும். அந்தக் கடிக்குச் செடி சுரப்பதுதான் கோப்பையில் திராட்சை மணமாகிறது. பூச்சி கடித்த இலைக்குக் கூடுதல் விலை! நம் கத்தரிக்காய்க்கு அந்த யோகம் இல்லை.

இன்னொன்று. ஆடியில் நமக்குச் சாரல் தருகிற அதே தென்மேற்குக் காற்று, இலங்கையில் மலை தாண்டி ஊவா பக்கம் இறங்கும்போது ஈரம் வற்றிப்போகும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்த வறண்ட காற்றில் பறிக்கும் தேயிலைக்குத்தான் அங்கே பெரிய பேர்.

கலப்புத் தூளைக் குறை சொல்லவில்லை. வருஷம் முழுக்க ஒரே ருசி தருவது லேசான வேலை இல்லை. ஆனால் தூளைக் கொதிக்கவிட்டு, பாலும் மூணு கரண்டி சீனியும் சேர்த்தபின் எந்த மலையும் தெரியாது.

அதனால் ஒரே ஒரு விண்ணப்பம். கோத்தகிரி, குன்னூர் பக்கத்து இலைத் தேயிலை கால் கிலோ வாங்கி வையுங்கள். வெந்நீர் ஊற்றி மூணு நிமிஷம் மூடிவைத்து வடித்தால் போதும். பால் ஊற்ற வேண்டாம். பலகையில் "நீலகிரி கட்டன்" என்று எழுதுங்கள். "கடுப்பம் பத்தலை" என்று பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். முதல் தடவை நானும் அதைத்தான் சொன்னேன். இரண்டாவது கிளாசில்தான் வாசம் பிடிபட்டது.

விலை கொஞ்சம் கூட்டி வைத்தாலும் சரி. எனக்குச் சீனி போடாமல் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெஞ்சுக்காரன்