கெடுத்துப் பார்க்க ஒரு கணினி

மதுரை

அன்புள்ள கலை,

நலம்தானே? உன் பெண் கல்லூரியில் சேர்ந்த செய்தி படித்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். விடுதிச் சாப்பாடு பழகும் வரை கொஞ்சம் சிணுங்குவாள், அப்புறம் சரியாகிவிடும்.

உங்கள் குழுவைப் பற்றி எழுதியிருந்தாயே, ஆளுக்கொரு ஊரில் இருந்து ஒரே மென்பொருளை எழுதுகிறீர்கள், பக் (பிழை) என்று ஒருவர் சொன்னால் ‘என் மெஷினில் ஓடுதே’ என்று இன்னொருவர் சொல்கிறார் என்று. நாங்கள் சில பேர் சேர்ந்து பால் சங்கங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிவருவது உனக்குத் தெரியும். எங்களிடமும் இதே பேச்சுதான் இருந்தது. விர்ச்சுவல் மெஷினில் (விஎம்), அதாவது நம் கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினியில், சோதிக்க ஆரம்பித்த பிறகுதான் நின்றது.

முதலில் அகப்பட்ட பக்கைச் சொல்கிறேன். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் மட்டும் போட்ட சுத்தமான விஎம் ஒன்றில் எங்கள் மென்பொருளை நிறுவி, காலைக் கொள்முதல் பதிவுகளைப் போட்டுப் பார்த்தோம். ஐந்து மணிக்கு ஊற்றிய பால் முந்தைய நாள் கணக்கில் போய் விழுந்தது. அந்த விஎம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். ஆகவே காலை 5.30-க்கு முன் போட்டதெல்லாம் அங்கே நேற்றைய தேதி. எங்கள் லேப்டாப்கள் எல்லாமே இந்திய நேரத்தில் இருப்பதால் இது யார் கண்ணிலும் பட்டதில்லை. கிளவுட் சர்வர்களும் பெரும்பாலும் யூடிசியில்தான் வரும். அப்படியே ஏற்றியிருந்தால், கேனோடு விடியற்காலையில் வரிசையில் நிற்கிறவர்களின் பணப் பட்டுவாடா குழம்பியிருக்கும்.

அடுத்தது மின்வெட்டு. கிராமத்துச் சங்கத்தில் பதிவு நடுவே கரண்ட் போவது சகஜம். அதைச் சொந்தக் கணினியில் பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்க யாருக்கு மனசு வரும்? விஎம்மில் தயங்க வேண்டியதில்லை. உள்ளே பதிவுகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து, விஎம்மை ஓட்டும் மென்பொருளான கியூஎமுவின் புராசஸைச் சட்டென்று கொன்றுவிடுவோம். திரும்ப எழுப்பிப் பார்த்தால், ‘சேமிக்கப்பட்டது’ என்று திரை சொன்ன கடைசிச் சில வரிகளைக் காணோம். வேகத்துக்காக, பதிவுகளைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் சிங்க்ரனஸ் அமைப்பு அணைக்கப்பட்டிருந்தது. அப்படி இருந்தால் தகவல் வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எஸ்க்யூலைட் காத்திருக்காது. அதை முழு அளவுக்கு மாற்றிய பிறகு எத்தனை முறை கொன்றாலும் கணக்கு அழியாமல் இருந்தது. ஒன்று மட்டும் மனதில் வை: இது அசல் மின்வெட்டுக்குச் சமமில்லை. விஎம் வட்டுக்கு அனுப்பியது உன் லேப்டாப்பின் நினைவகத்தில் தங்கிப் பிழைத்துவிடும், நிஜத்தில் அதுவும் போகும். ஆனாலும் பெரிய ஓட்டைகள் இதிலேயே தெரிந்துவிடுகின்றன.

இடம் பிடிக்குமே என்று பயந்திருந்தாய். விஎம்மின் வட்டைச் சேமிக்கும் கியூகவ்2 கோப்பு வடிவத்தில் அதற்கு நல்ல வழி இருக்கிறது. அடிப்படை இமேஜ் (விஎம்மின் வட்டு முழுவதும் அடங்கிய கோப்பு) ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சோதனைக்கும் அதன் மேல் ஒரு மெல்லிய கோப்பை உருவாக்குகிறோம். படத்தின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து வரைவது போல, மாற்றங்கள் எல்லாம் மேல் கோப்பில் மட்டும் எழுதப்படும். தொடங்கும்போது அது சில நூறு கேபிதான். சோதனை முடிந்ததும் அழித்துவிடலாம், அடி இமேஜ் அப்படியே இருக்கும். எட்டு ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் இரண்டு ஜிபி விஎம் ஒன்று தாராளமாக ஓடுகிறது. மெதுவாக ஊர்ந்தால் பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) பார், பிராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதி அணைந்திருக்கும். அது இல்லாவிட்டால், விஎம்மை வேகமாக ஓட்டும் லினக்ஸின் கேவிஎம் வேலை செய்யாது, கியூஎமு எல்லாக் கட்டளைகளையும் தானே மொழிபெயர்த்து ஓட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். தயாராக்கிய விஎம் இமேஜை ஒருவர் டிரைவில் ஏற்றி மற்றவர்கள் இறக்கிக்கொள்ளும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம், கலை. கொஞ்ச நாளில் அதற்குள் யார் எதை நிறுவினார்கள் என்று யாருக்கும் தெரியாது, ‘என் மெஷினில் ஓடுதே’ என்பதே ‘என் விஎம்மில் ஓடுதே’ ஆகிவிடும். இமேஜைக் கட்டும் ஸ்கிரிப்டைப் பகிருங்கள். டெபியனும் உபுண்டுவும் ரெடிமேட் கிளவுட் இமேஜ்களை வெளியிடுகின்றன. எந்தத் தேதி இமேஜ், அதன் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) என்ன, மேலே எந்தெந்த மென்பொருள் பொதிகள் என்று எல்லாம் மூல நிரலோடு ஒரே களஞ்சியத்தில் இருக்கட்டும். புதிதாக வருகிற பிள்ளைகூட ஒரே கட்டளையில் நம்மிடம் இருக்கும் அதே கணினியை எழுப்ப முடிய வேண்டும். மூத்தவர் தலைக்குள் மட்டும் இருக்கிற அமைப்பு கூட்டுத் திட்டத்துக்கு ஆகாது. விண்டோஸ் இமேஜைப் பகிர உரிமமும் இடம் தராது. மைக்ரோசாஃப்ட் தரும் 90 நாள் சோதனைப் பதிப்பை அவரவர் இறக்கிக்கொள்ளட்டும்.

மென்பொருளைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் அடைத்து ஓட்டும் டாக்கர் போதாதா என்று கேட்டிருந்தாய். நிரலின் சிறு துண்டுகளைச் சோதிக்கும் யூனிட் டெஸ்டுகளுக்குப் போதும், வேகமும் அதிகம். ஆனால் கன்டெய்னர்கள் எல்லாம் அடியில் இருக்கும் ஒரே கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) பகிர்கின்றன. மின்வெட்டு, பூட் ஆகும்போது சர்வீஸ் எழுகிறதா, பழைய கர்னலில் ஓடுமா என்பதெல்லாம் விஎம்மில்தான் பார்க்க முடியும்.

இந்த யோசனை நமக்கும் மூத்தது. 1960களின் கடைசியிலேயே ஐபிஎம் தன் 360/67 இயந்திரத்தின் மேல் மெய்நிகர் கணினிகளை ஓட்டியது. பிறகு 370 இயந்திரம் கைக்கு வரும் முன்பே அதன் மெய்நிகர் வடிவத்தில் அதற்கான மென்பொருளை எழுதிச் சோதித்தார்கள். படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

விஎம்மை நம்பி விடக்கூடாத இடமும் உண்டு. கொழுப்புச் சத்து பார்க்கும் கருவி சீரியல் கேபிளில் வருகிறது. யூஎஸ்பி வழியாக அதை விஎம்முக்குள் கொடுக்க முடிந்தாலும், தளர்ந்த கேபிள், பாதியில் நின்ற வரி இதெல்லாம் சங்கத்துக்கே போய் நின்றால்தான் தெரியும். வெளியீட்டுக்கு முன் யாராவது ஒருவர் நேரில் போகிறோம்.

எங்கள் ஸ்கிரிப்டைத் தனியே அனுப்புகிறேன். உங்கள் திட்டத்துக்கு ஏற்ப பொதிப் பட்டியலை மட்டும் மாற்றினால் போதும். முதலில் நேர மண்டலம், மின்வெட்டு இரண்டையும் சோதித்துவிட்டு என்ன வந்தது என்று எழுது. விண்டோஸ் பக்கம் எங்களிடம் ஆள் குறைவு. உங்கள் குழுவில் பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளை மொழி) தெரிந்தவர் யாராவது கை கொடுப்பாரா என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
உமா